வைஃபைக்கு ஒரு பெயர்

“எந்த மூலையில வைக்கலாம்னு நீயே சொல்லு. உன் வீடு இது” என்றான் கணவன். இணையக் கம்பெனி ஆள் ரவுட்டரைக் கையில் பிடித்தபடி அவள் முகத்தைப் பார்த்து நின்றார்.

இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அவள் சோபாவுக்குப் பக்கத்து மூலையைக் காட்டினாள்.

கொடுத்து வைத்த லட்சணத்தைக் கேளுங்கள். கல்யாணமாகி விமானத்திலிருந்து இறங்கிய அன்றே அவள் போனிலிருந்த சிம்மைக் கழற்றிக்கொண்டான். “இங்க இது வேலை செய்யாது. புதுசு வாங்கித் தரேன்” என்றான். அந்தப் புதுசு இன்னும் வந்தபாடில்லை.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கதவை வெளியே பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வான். பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டதற்கு, “பத்திரமா இருக்கு. நீ எங்க போகப்போற?” என்று சிரித்தான். அம்மாவிடம் பேச வேண்டுமென்றால் அவன் போனில், ஸ்பீக்கரில் போட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பேச வேண்டும். “நல்லா இருக்கேம்மா” என்பதற்கு மேல் அதில் என்ன பேசுவது?

அதனால் வீட்டுக்கு வைஃபை வருகிறது என்றதும் அவளுக்கு உயிர் வந்தது. சிம் இல்லாவிட்டால் என்ன, வைஃபையில் போன் பேசலாமே. அம்மாவிடம் ஒரு நிமிஷம் தனியாகப் பேசினால் போதும், மற்றதை அப்பா பார்த்துக்கொள்வார்.

வந்தவருக்குத் தமிழ் தெரியாது, இந்த ஊர் மொழி அவளுக்குத் தெரியாது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசியவன் கணவன்தான். கண்ஜாடையாவது காட்டலாம் என்று பார்த்தாள். அந்த மனுஷர் வயரிலேயே கண்ணாக இருந்தார்.

“வைஃபைக்கு என்ன பேரு வைக்கணும்னு கேக்கறார். சின்னதா இருக்கணுமாம். நீ வைக்கிறியா?” என்றான் கணவன். ரொம்பப் பெரிய மனசு.

“தமிழ்ல வைக்கட்டுமா?”

“வையேன். எனக்கென்ன.”

அவன் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவதில் ஒரு குறையும் இல்லை, எழுத்துதான் ஆனா ஆவன்னாகூடத் தெரியாது. கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று அவளிடம்தான் கேட்டான்.

கம்பெனி ஆள் நீட்டிய டேப்லெட்டில் தமிழ் எழுத்தைத் தேடிப் பிடித்து அவள் தட்டினாள். கணவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

“பூச்சி பூச்சியா இருக்கு. என்ன எழுதின?”

“உங்க பேரும் நம்ம வீட்டு நம்பரும்.”

“பின்ன, வேற யார் பேர எழுதுவ?” அவனுக்கு வாயெல்லாம் பல்.

பாஸ்வேர்டை மட்டும் திரும்பி நின்று அவனே போட்டான். ஆள் போன பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்.

“பாஸ்வேர்டு சொன்னீங்கன்னா என் போன்லயும் போட்டுக்குவேன்.”

“உனக்கு எதுக்கு?” என்றபடி அவன் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துப் பிரித்தான். உள்ளே இரண்டு கேமரா. ஒன்றை வாசற்கதவைப் பார்க்க வைத்தான், இன்னொன்றை ஹாலைப் பார்க்க வைத்தான்.

“பகல்பூரா தனியா இருக்கியே, எனக்குக் கவலையா இருக்காதா? இனிமே ஆபீஸ்ல இருந்தே உன்னைப் பாத்துக்குவேன்.”

வைஃபை வந்தது இந்தப் பாழாய்ப்போன கேமராவுக்குத்தான். சமையலறையில் கேமரா இல்லை என்பதால் அங்கே போய் நின்று அழுதாள்.

மறுநாளிலிருந்து ஹால் சுவரும் பேச ஆரம்பித்தது. “ஜன்னல்கிட்ட என்ன வேலை? உள்ள போ” என்று கேமராவிலிருந்து அவன் குரல் வரும். ஜன்னலைத் திறந்து கத்தினாலும் அவள் பேச்சு புரிகிறவர்கள் யாரும் இல்லை. தமிழ் ஆள் ஒருத்தர்கூட இல்லாத கட்டடமாகப் பார்த்துத்தான் வீடு பிடித்ததாக அவனே பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படியே நாட்கள் போயின. ஒரு விடுமுறை நாள் காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

கணவன் திறந்தான். இரண்டு போலீஸ்காரர்களும் நர்ஸ் உடுப்பில் ஒரு பெண்ணும் நின்றிருந்தார்கள்.

“கீழ் வீட்டுக்குப் புதுசா குடி வந்திருக்கேன்” என்றாள் நர்ஸ், நல்ல தமிழில்.

அவன் ஒரு கணம் தடுமாறினான். “ஓ, தமிழா? ரொம்பச் சந்தோஷம்” என்றான். ஆனால் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. “போலீஸ் எதுக்குங்க?”

“என் போன்ல வைஃபை தேடினேன். முப்பத்திநாலுன்னு நம்பரோட இது வந்துச்சு. உங்களோடதா?” நர்ஸ் போனை நீட்டினாள்.

இவ்வளவுதானா என்று அவனுக்கு மூச்சு வந்தது. போலீஸ்காரர்களைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான்.

“எங்களோடதுதான். முன்னாடி தமிழ்ல இருக்கறது என் பேரு. என் மனைவி ஆசையா வச்சது.”

நர்ஸ் அவனைத் தாண்டி, உள்ளே சுவரோடு ஒட்டி நின்றிருந்தவளைப் பார்த்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

“உங்க பேரு ‘உதவி’யா?”