வாசலுக்கு மேலே ஓர் அம்பு

சிஹாரு தனியாகக் குடியிருந்த வீட்டின் வாசலுக்கு மேலே, கெட்டது அண்டாமல் காக்க ஓர் அம்பு ஒரு வருடம் தொங்கியது. புத்தாண்டு பிறந்ததும் வழக்கப்படி அதை எரிக்கக் கொடுக்க ஊரின் ஷின்டோ கோயிலுக்கு, ஜப்பானியரின் வழிபாட்டு இடத்துக்கு, கொண்டுவந்தாள்.

எரிக்கப் போட்டிருந்த பழைய காவல் பொருள்களின் குவியலில், அம்புக்குப் பக்கத்தில் கிடந்த காவல் மணி பேச்சுக் கொடுத்தது. "நான் ஒரு காய்ச்சலையும் ரெண்டு சண்டையையும் விரட்டினேன். நீ எதை விரட்டின தம்பி?"

அம்புக்குப் பொய் சொல்ல வராது. "ஒண்ணுமில்லைண்ணே. அந்த வாசலுக்குக் கெட்டதும் வரலை, மனுசங்களும் வரலை."

"சும்மா தொங்கிட்டு இருந்தேன்னு சொல்லு" என்று மணி சிரித்தது.

வர இருந்தவர்களையும் சேர்த்துத் தானே விரட்டிவிட்டோமோ என்ற பயம் வருடம் முழுக்க அம்பை அரித்திருந்தது. அதை மட்டும் அது மணியிடம் சொல்லவில்லை.

தீ மூட்டினார்கள். புது அம்பு வாங்கிக்கொண்டு கிளம்பிய சிஹாரு, குவியலருகே திரும்பி வந்தாள். தினமும் காலையில் கதவைப் பூட்டும்போது சொல்வதுபோலவே, தாழ்ந்த குரலில், "போயிட்டு வரேன்" என்றாள்.

"யார்கிட்டப்பா சொல்லுது அந்தப் பொண்ணு?" என்றது மணி.

"இத்தனை நாளும் வீட்டுக்கிட்ட சொல்லுதுன்னுதான் நினைச்சிருந்தேன்" என்றது அம்பு.