வெறும் பாத்திரம்

பிரிட்ஜிலிருந்து எடுத்த குருமாவைச் சாருமதி மறுபடியும் முகர்ந்து பார்த்தாள். கெட்டுவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை, நன்றாயிருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை. கணவருக்கு ஏற்கெனவே வயிறு சரியில்லை. மகளுக்கு நாளை பரீட்சை. கொட்டலாம் என்றால், சாப்பாட்டை வீணாக்குவது மகாபாவம். அதில் அவள் கறார். எதையும் நாலும் யோசித்துத்தான் செய்வாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பொற்கொடியின் முதுகைப் பார்த்ததும் மனம் தெளிந்தது. இவர்களுக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும். கொதிக்கவைத்துச் சாப்பிடச் சொல்லலாமா என்று நினைத்தாள். சொன்னால் கொடுத்ததன் அழகு கெட்டுவிடும்.

"பொற்கொடி, இந்தா குருமா. உனக்குன்னே எடுத்து வச்சேன்."

"எதுக்கும்மா இதெல்லாம்" என்றபடி, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பொற்கொடி தூக்குச்சட்டியை வாங்கினாள். சாருமதிக்கு ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு.

மறுநாள் பொற்கொடி வரவில்லை. அதற்கடுத்த நாள் அவள் புருஷன் வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றான். தூக்குச்சட்டி பளபளவென்று துலக்கியிருந்தது.

"ஆஸ்பத்திரியில கெடக்குறாம்மா. பாப்பாவுக்கும் வாந்தி நிக்கல. தண்ணிதான் சரியில்லைங்கறாங்க. பாத்திரத்தைக் குடுத்துட்டு வரச் சொன்னா. வெறும் பாத்திரமா குடுக்கக் கூடாதுன்னு கொஞ்சம் சக்கரை போட்டிருக்கேன்."

"தண்ணியக் காய்ச்சிக் குடிங்கப்பா. எத்தனை தடவை சொல்றது?"

கதவைச் சாத்திவிட்டு மூடியைத் திறந்தாள். அடியில் ஒரு பிடி சர்க்கரை. எந்தக் கை அள்ளியதோ, எந்த டப்பாவிலிருந்ததோ. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. குப்பைக்கூடையில் கவிழ்த்துத் தட்டினாள்.