ஒரு வேளைப் பால்

பெட்டியைத் திறந்ததும் இரண்டு குட்டிகள் பாய்ந்து ஓடிவிட்டன. மூன்றாவது அசையவில்லை.

சித்தையன் பெட்டிக்குள் குனிந்து பார்த்தான். இருபத்தாறு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தது இதற்காகவா?

மைசூர் ரிங் ரோட்டுக்கு அப்பால், புது லேஅவுட்டுக்காகப் புதரைத் தள்ளியது அவன் ஓட்டிய ஜேசிபிதான். வெளியே ஓடிய தாய் முயலைத் தெருநாய்கள் பிடித்துவிட்டன. புல்லுக்குள் மூன்று காட்டுமுயல் குட்டிகள், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கிடந்தன.

போனில் வனக்காவலர் இராமச்சந்திரன் கையை விரித்துவிட்டார். காட்டுமுயல் குட்டி மனிதக் கையில் பிழைக்காது, இருக்கிறவரை பார்த்துக்கொள் என்றார்.

அதன் பிறகு சைட்டில் ஆளாளுக்கு நாட்டாமை. மேஸ்திரி கேரட் நறுக்கிக் கொண்டுவந்தார். சூப்பர்வைசர் அனுப்ரியா, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க போனில் அலாரமே வைத்துவிட்டாள்.

சித்தையன் எல்லோரையும் விரட்டினான். சிமெண்ட் கொட்டகையின் இருட்டு மூலையில் பெட்டியை வைத்தான். ஊசி மாட்டாத சிரிஞ்சில் ஆட்டுப்பால், பொழுது சாய்ந்த பிறகு, ஒரே ஒரு வேளை. அதுவும் கையில் புல்லைக் கசக்கித் தேய்த்துக்கொண்ட பிறகுதான் குட்டியைத் தொடுவான்.

"பட்டினி போட்டே கொல்லப் போறீங்கண்ணா" என்று அனுப்ரியா அழாத குறை.

குட்டிகள் சாகவில்லை. நாளுக்கு நாள் கொழுத்தன. ஜேசிபி ஓட்டிய பாவத்தைக் கழுவுகிறான் என்று சைட்டில் பேசிக்கொண்டார்கள்.

இப்போது, சாமுண்டி மலையடிவாரத்துப் புதர்க்காட்டில், மூன்றாவது குட்டி மெல்லக் காதைத் தூக்கியது. மூக்கு துடித்தது. அடுத்த நொடி ஒரே பாய்ச்சல்! திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விசிலடிக்கப் போன சித்தையன் சட்டென்று தன் வாயைப் பொத்திக்கொண்டான். அனுப்ரியா சத்தம் வராமல் குதித்தாள். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்றும்! ஒன்றுகூடக் குறையாமல் மூன்றும்!

குட்டிகளை விடுவதைப் பார்க்க வந்திருந்த இராமச்சந்திரன் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"தாய் ஒரு நாளைக்கு ஒரே தடவதான், இருட்டுற நேரம் பாத்துதான் பால் குடுக்க வரும்னு எங்க ஆளுங்கள்லயே பாதிப் பேருக்குத் தெரியாதுய்யா. ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"நமக்கு காட்டோரம் கோபிநத்தமுங்க சார். மொசலுங்கள தெனமும் பாத்ததுதானுங்க."

அதில் பொய் இல்லை.

காட்டின்மேல் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தாய் முயல்கள் குட்டிகளைத் தேடிக் கிளம்பும் நேரம். பத்து வருடங்களுக்கு முன்பு வரை, தினமும் இதே நேரத்தில், மனித வாடை போகப் புல்லைக் கசக்கித் தேய்த்த வலையோடு அவன் அவற்றுக்காகக் காத்திருப்பான்.