சாவு விழாத வீடு

வீட்டு ஓனர் சக்கரபாணியின் கக்கத்தில் மஞ்சள் பை இருந்தது. பைக்குள் அடங்காமல் ஒரு பெரிய கவர் நீட்டிக்கொண்டிருந்தது. வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸே கொண்டுவந்துவிட்டார் என்று வளர்மதி கட்டிலை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா எப்படி இருக்காரும்மா?"

"சளிதாங்க ஐயா. ரெண்டு நாள்ல எழுந்துருவாரு."

கட்டிலில் கிடந்த பக்கிரி கண்ணைத் திறந்தார். "அம்பது நாளா அந்த ரெண்டு நாளுதான் ஓனரே, தீர மாட்டேங்குது."

பக்கிரி முப்பது வருஷம் பீங்கான் மாவு சலித்தவர். தன் நெஞ்சை ஸ்கேன் எடுத்த டாக்டர், உள்ளே ஒரு டஜன் கப்பும் சாஸரும் அடுக்கியிருந்ததைப் பார்த்துப் பயந்துபோனதாக அவரே சொல்லிக்கொள்வார். சொல்லி முடித்துச் சிரிப்பதற்குள் இருமல் வந்துவிடும்.

சக்கரபாணியைக் கெட்டவர் என்று ஊரில் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். கொரோனாவில் மூன்று மாத வாடகையை வேண்டாம் என்றவர். தன் மூன்று வீட்டுக்கும் ஒரே ஒரு கண்டிஷன்தான் வைத்திருந்தார்: உள்ளே சாவு விழக்கூடாது. அவிட்டம், சதயம் என்று ஆகாத நட்சத்திரத்தில் உயிர் போய்விட்டால் வீட்டை ஆறு மாதம் பூட்டிப்போட வேண்டும். பூட்டிய வீட்டுக்கு எவன் வாடகை தருவான்?

விருத்தாசலத்தில் செத்தால் காசியைவிட வீசம் கூடுதல் புண்ணியம். போகிறவர்களுக்கு அம்பாளே முந்தானையால் விசிறி அனுப்பி வைப்பாள் என்பார்கள். சக்கரபாணியின் வீடுகளில் மட்டும் அவளுக்கு அந்த வேலை வந்ததே இல்லை.

பின் வீட்டு ஆராயியின் புருஷனுக்கு மூச்சு இழுத்தபோது, சக்கரபாணியே கார் பிடித்து நல்லூரில் சொந்தக்காரர் வீட்டுக்கு ஏற்றி அனுப்பினார். பாதி வழியில் உயிர் போய்விட்டது. கார் வாடகையை ஆராயியிடம் கேட்கவில்லை. அவ்வளவு இரக்கம்.

பெண்டாட்டியைக்கூடக் கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டுதான் ஓடினார். அவள் போன மறுமாதமே, தாங்கள் இருந்த இந்த வீட்டையும் வளர்மதிக்கு விட்டுவிட்டு, கடலூரில் மகன் வாடகைக்குப் பிடித்திருந்த வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது அவர் எதிர்ச் சுவரோரம் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார். கையைத் தூக்கியபோது வாட்ச் முழங்கை வரை நழுவியது.

"ராத்திரியில காத்து வருதா இன்னும்? எதிர்ல மாடி கட்டிட்டானே."

"வருதுங்க ஐயா."

கக்கூஸ் வரைக்கும் நடந்து அடி எண்ணினார். திரும்பி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பதினாலு அடி" என்றார் தனக்குத்தானே.

புதுசாக வரப்போகிறவன் கேட்டிருப்பான் போலிருக்கிறது என்று வளர்மதி நினைத்துக்கொண்டாள்.

"காலண்டரு எங்கம்மா காணோம்?"

"கிழிஞ்சி போச்சுங்க."

கிழியவில்லை. அவள்தான் கதவுக்குப் பின்னால் திருப்பி மாட்டியிருந்தாள். நாலாம் நாள் அவிட்டம்.

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. "ஒளிச்சு என்னாங்க ஐயா ஆவப்போவுது. டாக்டரு கைய விரிச்சிட்டாரு. கம்மாபுரத்துல இருந்த மனையும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போயிருச்சி. உசுரு இருக்கற மனுசன ரோட்டுலயா கெடத்துவேன்? ஆறு மாசம் பூட்டிக்குங்க. அந்த வாடகையையும் நானே குடுத்துடறேன். பொம்மைக்குக் கண்ணு எழுதுற கூலிய மொத்தமா உங்ககிட்டயே குடுத்துடறேன்."

"வுடு வளரு" என்றார் பக்கிரி. "ஓனரே, அந்த நேரம் வந்தா ஒரு சத்தம் குடுக்கறேன். வாசப்படிக்கு அந்தாண்ட இழுத்துப் போட்டுடுங்க. நாலு அடிதான்."

சக்கரபாணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பையிலிருந்து கவரை உருவினார். வளர்மதி கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "குடுங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

அவர் கவரைக் கொடுக்கவில்லை. பக்கிரியின் உதட்டில் உட்கார்ந்திருந்த ஈயை அதனால் ஓட்டினார். பிறகு மெதுவாக விசிறத் தொடங்கினார். கவருக்குள், பக்கிரியின் ஸ்கேன் படம் போலவே, ஒரு தகடு படபடத்தது.

"ஆராயி புருசன் பாதி வழியில என்ன கேட்டான் தெரியுமா பக்கிரி?" என்றார். "வூட்டுக்குப் போலாம்னு கேட்டானாம். டிரைவரு சொன்னான்."

பக்கிரி இருமினார். சக்கரபாணி விசிறிக்கொண்டே இருந்தார்.

"கதவுக்குப் பின்னாடி காலண்டரப் பாத்தேன், திருப்பியே இருக்கட்டும் வளரு. அத யாரும் பாக்க வேணாம். எதிர் செவுத்தோரம் இன்னொரு கட்டிலு தாராளமா வுழும், அளந்துட்டேன். வாடகையில பாதியக் கழிச்சுக்க."

"யாருக்குங்க ஐயா கட்டிலு?"

"எனக்குத்தான். நான் குடியிருக்கற வூட்டு ஓனரு, வெளிய போயி சாவச் சொல்லிட்டாரும்மா."