கொட்டகை மருந்து

"இன்னிக்கு நீ தோக்கணும். அதைப் பாக்கத்தான் வந்திருக்கேன்" என்றாள் ஓப்பல், நீளத் துப்பாக்கியைத் தோளில் சாய்த்தபடி.

ஆர்லன் தன் இடது புருவம் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டார். போன மாதம் கொட்டகையில் துப்பாக்கிக்கு வெடிமருந்து செய்தபோது பொசுங்கியது, இன்னும் முளைக்கவில்லை. அன்றே அவர் மனைவி ஓப்பல் கறாராகச் சொல்லிவிட்டாள். இந்த வருடப் போட்டியில் அவர் செய்த மருந்து ஜெயித்தால் கொட்டகை அவருக்கு. தோற்றால் அவளுடைய கோழிகளுக்கு.

ஓடைக்கரை மைதானத்தில் வரிசையாக நின்றார்கள். எல்லாம் குழாயின் வாய்வழியாக வெடிமருந்தைப் போட்டுக் கெட்டிக்கும் பழங்காலத் துப்பாக்கிகள். எதிரே ஆளுக்கொரு குறி அட்டை. ஆர்லனுக்கு ஒரு பக்கம் ஓப்பல், மறுபக்கம் டெல்மர். மூன்று வருடமாகக் கோப்பையை வைத்துக்கொண்டு கொடுக்க மனமில்லாதவர்.

"என்னப்பா ஆர்லன், மிச்சமிருக்கிற புருவத்தையும் இன்னிக்குக் காணிக்கை போடப் போறியா?" என்றார் டெல்மர். "கடையில டப்பா டப்பாவா மருந்து விக்கிறான். வாங்கிப் போட்டுச் சுடுறதுக்கு என்ன கேடு?"

"கடையில சோறும்தான் விக்கிறான். அதுக்காக வீட்டு அடுப்பை இடிச்சிடுவியா?"

"என் வீட்டுச் சமையலை ஒருநாள் சாப்பிட்டுப் பாரு. நீயே வந்து இடிச்சுக் குடுப்ப."

நடுவர் கையைத் தூக்கினார். பேச்சு நின்றது. அவர் கை தூக்கிய பிறகு ஒருவரோடொருவர் வாய் திறக்கக் கூடாது. பக்கத்து ஆளுக்கு யோசனை சொன்னால் சொன்னவரும் கேட்டவரும் வெளியே போக வேண்டியதுதான். இந்த ஓசார்க் மலைப் பக்கம் அண்ணன் தம்பிக்குக்கூட அதில் விலக்குக் கிடையாது.

முதலில் மருந்து அடைத்த மாட்டுக் கொம்பிலிருந்து குழாய்க்குள் மருந்து. அடுத்து துணியில் சுற்றிய குண்டு. அப்புறம் கோலால் இறுக்கமாக ஓர் இடி. நான்கு குண்டுகள் இப்படியே போயின. டெல்மரின் துப்பாக்கி மெல்லிய புகைதான் விட்டது. ஆர்லன், ஓப்பல் பக்கம் ஈர விறகு எரிந்தாற்போல் கனத்த புகை கிளம்பி, காற்றில்லாமல் அங்கேயே நின்றது.

நான்கு குண்டு முடிவில் ஆர்லனும் டெல்மரும் சமம். பதினோரு வருடக் கொட்டகை இந்த ஒரு குண்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

கடைசிக் குண்டை மட்டும் மணியடித்ததும் எல்லோரும் ஒன்றாகச் சுடுவது அந்தக் கிளப்பின் வழக்கம். ஆர்லன் மருந்துக் கொம்பைக் கையில் எடுத்தார். டெல்மர் வேண்டுமென்றே தொண்டையைச் செருமினார். ஆர்லன் திரும்பி முறைத்தார். டெல்மர் வானத்தைப் பார்த்துச் சிரித்தார்.

ஆர்லனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொம்பைத் தோளில் மாட்டிவிட்டு, குண்டைத் துணியில் வைத்து, டெல்மரையே இடிப்பதாக நினைத்துக்கொண்டு கோலால் நாலு இடி இடித்தார். விசைக்குப் பக்கத்துக் கிண்ணியில், பொறி பிடிக்க, ஒரு சிட்டிகை மருந்து தூவினார். ஓப்பல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோழிக் கூட்டுக்கு மனசுக்குள் அளவு எடுக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார்.

மணி அடித்தது. மைதானமே அதிர்ந்தது. ஆர்லன் முகத்துக்கு நேரே பளிச்சென்று ஒரு தீ, பிறகு கண்ணை மறைக்கும் புகை. காது அடைத்துக்கொண்டது. தோளில் உதையே தெரியவில்லை. மருந்து அவ்வளவு பதமாக வந்திருக்கிறது என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

புகை விலகியதும் நடுவர் குறி அட்டைகளைக் கொண்டுவந்தார். டெல்மரின் ஐந்தாவது குண்டு ஓரத்தில் போயிருந்தது. ஆர்லனின் அட்டையில் ஐந்தாவது ஓட்டை நட்ட நடுவில், பொட்டு வைத்தாற்போல் இருந்தது. ஓப்பலின் அட்டையில் நான்கே ஓட்டைகள்.

"ஓப்பல், உன் அஞ்சாவது குண்டு எந்த அணிலைத் தேடிப் போச்சு?" என்று டெல்மர் தன் தோல்வியை அவள் மேல் இறக்கிவைத்தார்.

"போக வேண்டிய எடத்துக்குப் போயிருக்கும்" என்றாள் ஓப்பல்.

வீடு வரும் வரை ஆர்லன் விசிலடித்தபடியே வண்டியை ஓட்டினார். "உன் கோழிங்களுக்கு வேற எடம் பாத்துக்க" என்று இரண்டு தடவை சொல்லிக் காட்டினார். ஓப்பல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் வெந்நீரும் கந்தையுமாகத் துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்தார். கோலைக் குழாய்க்குள் விட்டார். அது அடிவரை போகாமல் சற்று முன்பாகவே முட்டி நின்றது. எடுத்து மறுபடி விட்டார். மறுபடியும் அங்கேயே முட்டியது.

குழாய்க்குள் குண்டு அப்படியே கிடந்தது. "ஓப்பல், கடைசித் தடவை நான் மருந்து போடலையா?"

"போடல. டெல்மரை முறைச்சிட்டு நேரா குண்டை எடுத்துட்ட. கிண்ணியில தூவுனதுதான் பளிச்சுனு எரிஞ்சுது."

"பாத்துட்டுமா சும்மா இருந்த?"

"வாயத் தொறந்திருந்தா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பியிருப்பாங்க."

"அப்ப நடுவுல விழுந்த குண்டு…"

"நான் சுட்டது."

ஆர்லன் கோலை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கோப்பையை டெல்மர்கிட்டயே குடுத்துடுறேன். என் மருந்து ஜெயிக்கல. காலையில கொட்டகையைக் காலி பண்ணிடுறேன், உன் கோழிங்களைக் கொண்டாந்து விடு."

"கோப்பையைக் குடு. கொட்டகையை எதுக்குக் காலி பண்ணணும்?" ஓப்பல் தன் மருந்துக் கொம்பைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள்.

"நான் சுட்ட அஞ்சும் உன் மருந்துதான்."