ஊசி போட்டுக்கினியா

"உள்ள யாரு இருக்கா? கதவத் தொற."

"யாரும் இல்ல செல்வி. நீ அங்கயே நில்லு" என்றான் பரசுராமன், ஜன்னலை விட்டுத் தள்ளி நின்று.

ஷிப்ட் மாறிவிட்டது, ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வந்து போகத் தோதுப்படவில்லை என்று சொல்லிக் கும்மிடிப்பூண்டியில் தனியாக அறை எடுத்திருந்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் அங்கே ஒரு பெண் வந்து போகிறாள் என்று, அவனோடு இரும்பு ஆலையில் வேலை பார்க்கும் துளசிராமன் எஸ்.டி.டி. பூத்திலிருந்து சொன்னதும் செல்வி புறப்பட்டுவிட்டாள்.

"ஊசி போட்டுக்கினியா?"

"பேச்ச மாத்தாத. யாருய்யா அவ?"

"வெரல மடக்கு, பாக்கலாம்."

பழக்கத்தில் மடக்கிக் காட்டிவிட்டாள். போன வருஷம் டம்ளர்கூடப் பிடிக்க முடியாத விரல்கள். தலை பின்னிவிட்டதே அவன்தான்.

'வீங்கு' என்று ஒரு சேதி உடம்பில் சுற்றுகிறது, செல்லின் மேல் அதை வாங்கிக்கொள்ள இருக்கும் ஏற்பியில் அது ஒட்டினால்தான் மூட்டு வீங்கும், இந்த ஊசி மருந்து அந்த ஏற்பியின் நகல், சேதி நகலிலேயே மாட்டிக்கொள்ளும் என்று சென்னை டாக்டர் விளக்கியபோது அவள் கொட்டாவி விட்டாள். இவன்தான் கேள்வி மேல் கேள்வி கேட்டான். அந்த அக்கறையெல்லாம் எங்கே போயிற்று?

"இன்னொருத்தி இருக்காளா? அத மட்டும் சொல்லு."

துண்டால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டான்.

"ஆமா. இருக்கா. நீ ஊட்டுக்குப் போ. ஊசிய மட்டும் வுட்டுடாத."

செல்விக்கு அழுகை வரவில்லை. ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்தபடி நின்றாள்.

அந்தப் பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். தோளில் பை. கம்பி வழியே மாத்திரைகளை நீட்டி, "முழுங்குங்க. நான் பாத்துட்டுத்தான் போவணும்" என்றாள்.

"நீங்க யாரு?" என்றாள் செல்வி.

"கிரேஸ். சர்க்கார் ஆஸ்பத்திரிலருந்து டிபி மாத்திர குடுக்க வரேன். நீங்க?"

"அவரு சம்சாரம்."

கிரேஸ் அவள் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தாள். "மூட்டுக்கு ஊசி போடறவங்களா? இங்க ஏம்மா வந்தீங்க? மூட்ட வீங்க வெக்கற அதே சேதிதான் டிபி கிருமியயும் அடக்கி வெக்குதாம், ஊசி அதப் புடிச்சிக்கறதால இவருகிட்டருந்து ஒங்களுக்குச் சுளுவாத் தொத்திக்குமாம். எனக்கே இவருதான் சொன்னாரு. விஷயம் தெரிஞ்சா ஊசிய நிறுத்திட்டு இவரப் பாத்துக்க வந்துடுவீங்களாம். அதுக்குத்தான் பொய் சொல்லிக்கினு இங்க தனியாக் கெடக்கறாரு."