மதிய நேரத்து வசவு

"கதவைச் சாத்திக்கிட்டுக் கதை எழுதறாளாம் கதை. இங்கே துவைச்ச துணி மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. அதை யாரு மடிப்பா, உன் கதையில வர்ற கதாநாயகனா?"

இரண்டாம் மாடியில் எழுந்த அந்த மாமியாரின் குரல், படிக்கட்டு வழியாக இறங்கித் தெருவாசல் வரை சென்று சேர்ந்தது.

எதிர்வீட்டுத் தையல்காரம்மாள் தமது எந்திரத்தை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார். மேல்மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியையோ, அழைப்பு மணி கேட்டவர்போல் அதற்குள் படியிறங்கி வந்து நின்றார்.

"ஆரம்பிச்சாச்சா?"

"இப்பத்தான் டீச்சர். இன்னிக்குத் துணி மடிக்கலையாம்."

"நேத்து என்ன?"

"குழாயைச் சரியா மூடலையாம். சொட்டின தண்ணியில கப்பலே விடலாம்னாங்க."

தலைமையாசிரியை தலையை ஆட்டிக்கொண்டார்.

"இந்தம்மா முன்னெல்லாம் வாயில்லாப் பூச்சி. நாம போய் உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டிருப்பாங்க. இவ்வளவு பேச்சு எங்கேருந்துதான் வந்துச்சோ."

"இப்ப நாம போகவா முடியுது? சண்டை நடக்கற வீட்டுல போய் எப்படி உக்கார்றது?"

"அந்த மருமகளைச் சொல்லு. பாவம், எழுத்தாளர் ஆகணும்னு ஆசைப்படறா. இந்தக் கூச்சல்ல ஒரு வரியாவது ஓடுமா?"

"அதுவும் ஒரு ஊமை டீச்சர். உள்ளேருந்து பதிலுக்கு ஒரு முணுமுணுப்பாவது வரணுமே."

இத்தகைய கொடுமையைக் கண்டும் காணாதிருப்பது முறையன்று என இருவரும் முடிவு செய்தனர். தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருக்கும் அந்த வீட்டு மகனுக்குத் தொலைபேசிச் செய்தி பறந்தது.

கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான் மகன். அவன் முதுகுக்குப் பின்னால் இருவரும் உள்ளே நுழைந்தனர்.

மூடிய அறைக் கதவின் முன்னே, நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்து, கண்களை மூடியபடி திட்டிக்கொண்டிருந்தார் தாயார்.

"உன் சோம்பலுக்கு ஒரு சரித்திரமே எழுதலாம். அதையாவது..."

காலடியோசை கேட்டுக் கண் திறந்தவர், வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டார்.

"என்னம்மா இது? எதுக்கு அவளைத் திட்டறே?" என்றான் மகன்.

தாயார் விருந்தினர் இருவரையும் ஒருமுறை பார்த்தார்.

"துணி மடிக்கலை" என்றார், பாதிக் குரலில்.

மகன் திரும்பினான். சோபாவின் மீது துணிகள் அழகாக மடித்து அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"இதோ மடிச்சுத்தானே இருக்கு?"

"அது... நான்தான் மடிச்சேன்."

"எப்போ?"

"திட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி."

"பாத்தீங்களா தம்பி" என்றார் தலைமையாசிரியை. "காரணமே வேணாம் இவங்களுக்கு."

"குடும்பத்தைப் பிரிக்கற பாவம் எங்களுக்கு வேணாம்" என்று தொடங்கிய தையல்காரம்மாள், "ஆனா ஒரு தனி வீடு பாத்துட்டா நல்லது" என்று முடித்தார்.

மகன் தாயாரின் பக்கம் திரும்பினான்.

"அடுத்த மாசம் நாங்க வேற வீடு பாத்துக்கறோம்மா. நீ இங்கேயே இரு. நான் அப்பப்ப வந்து பாத்துக்கறேன்."

தாயாரின் முகம் சுருங்கியது. ஏதோ சொல்ல உதடு திறந்தது. மீண்டும் அந்த இருவரையும் நோக்கினார். திறந்த உதட்டை மூடிக்கொண்டார்.

"சரிப்பா."

"அதுவரைக்கும் பயப்படாதீங்க தம்பி" என்று தையல்காரம்மாள் ஆறுதல் கூறினார். "தினமும் மத்தியானம் நாங்க ரெண்டு பேரும் இங்கேயே வந்து உக்காந்துக்கறோம். எங்க எதிர்ல வாயைத் திறந்துடுவாங்களா?"

உள்ளே நாற்காலி ஒன்று தடாலென விழுந்தது. கதவு திறந்தது. விரலெல்லாம் மைக்கறையுடன் மருமகள் ஓடி வந்தாள்.

"ஐயோ, வேணாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்? அத்தை திட்டறதுல தப்பே இல்லை. நான் நிஜமாவே சோம்பேறிதான். கப்பல் விட்டதுகூட உண்மை."

"கண்ணு, பயந்துக்கிட்டுப் பேசாதே."

"பயமெல்லாம் இல்லைங்க டீச்சர். அவங்க திட்டலைன்னா எனக்குத் தூக்கமே வராது."

பேசியவாறே இருவரையும் வாசல் வரை நடத்திச் சென்று வழியனுப்பினாள்.

"பாவி, பொண்ணை அடிமையாவே ஆக்கிட்டாங்க" என்ற பெருமூச்சு படிக்கட்டில் ஏறி மறைந்தது. எதிர்வீட்டுக் கதவு சாத்தப்படும் ஓசையும் கேட்டது.

மருமகள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கணவனை நோக்கித் திரும்பினாள்.

"தனி வீடு, கினி வீடுன்னு இன்னொரு தடவை பேசினீங்க, நான் அத்தையோட இங்கேயே தங்கிடுவேன். கல்யாணத்துக்கு முன்னாடி ஆரம்பிச்ச நாவல் இப்பத்தான் தினமும் கொஞ்சமாவது நகருது."

"இந்தச் சத்தத்துலயா?"

ஒன்றும் விளங்காமல் விழித்த மகனை ஓரமாக நகர்த்திவிட்டு, மருமகளின் காதருகே சென்று தாயார் கேட்டார்:

"துணி விஷயத்துல மாட்டிக்கிட்டோம்டா கண்ணு. நாளைக்குத் திட்டறதுக்கு இன்னும் கொஞ்சம் காரமா எழுதிக் குடு. அவங்க ரெண்டு பேரும் மறுபடி இங்கே வந்து உக்காந்துட்டா, அப்புறம் நீ எப்போ எழுதறது?"